கட்டளையில்லாத நாற்பது நாள்

நோன்பிருந்து கடவுளிடம் எதையும் சம்பாதித்துவிட முடியாது என்று ஐந்நூறு ஆண்டுகளாகப் போதித்துவரும் ஒரு சபை, ஆண்டுதோறும் நாற்பது நாள் நோன்புக் காலத்தை விடாமல் அனுசரித்தும் வருகிறது. லுத்தரன் சபைகளின் லெந்து நாட்களை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: பலன் கிடைக்காது என்று தெரிந்தபின் எதற்காக இந்த நாற்பது நாள்?

தரங்கம்பாடியிலோ திருச்சியிலோ ஒரு லுத்தரன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருப்பார். ஈஸ்டர் முடியும்வரை கறி, மீன் வாங்குவதில்லை என்று மருமகள் முடிவெடுத்திருப்பார். வேலைக்குப் போகும் மகன் மதியம் கடையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவார். மாலையில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். ஒருசந்தி இருந்தவர் இராதவரைவிட ஒரு படி மேல் என்று ஆயர் ஒருநாளும் பிரசங்கிக்க மாட்டார். அப்படிச் சொன்னால் அது லுத்தரன் பிரசங்கமாகவே இராது.

காலத்தின் வெளி அடையாளங்கள் எளிமையானவை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிவரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு எந்தக் காலத்திலும் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அது நோன்புக் கணக்கில் சேராது. பீடத்துக்கு ஊதாத் துணி போடுகிறார்கள். ஆராதனையில் அல்லேலூயா நிற்கிறது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் லெந்தைத் தவிர்த்துப் பார்க்கிறார்கள். நெற்றியில் சாம்பல் பூசாமலே சாம்பல் புதன் ஆராதனையை நடத்தி முடிக்கும் சபைகளும் உண்டு. வாரத்தின் நடுவே ஒரு மாலை, சில இடங்களில் புதன், சில இடங்களில் வெள்ளி, கூடுதலாக ஓர் ஆராதனை நடக்கும். அங்கே ஒரு பாட்டு, கிறிஸ்துவின் பாடுகளின் சரித்திரத்திலிருந்து ஒரு பகுதி, ஒரு சிறு பிரசங்கம், ஜெபம். அவ்வளவுதான்.

இந்த எளிமைக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவில் லெந்து நோன்பு சட்டமாக இருந்தது. இறைச்சி கூடாது, பல இடங்களில் முட்டை, பால், வெண்ணெயும் கூடாது. ஒலிவம் விளையும் தெற்கு நாடுகளுக்கு இது பெரிய கஷ்டமில்லை. ஒலிவமே விளையாத ஜெர்மனியில் வெண்ணெய் இல்லாமல் அடுப்பு எரிப்பது ஏழைகளுக்குப் பெரும்பாடு. பணம் கட்டினால் வெண்ணெய் சாப்பிட அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஜெர்மன் பிரபுக்களுக்கு 1520இல் எழுதிய நூலில் மார்ட்டின் லுத்தர் இதைக் கொதிப்போடு எடுத்துச் சொல்கிறார். ரோமாபுரியில் இருப்பவர்கள் நோன்பைக் கண்டு சிரிக்கிறார்கள்; தங்கள் செருப்புக்குப் பூசவும் தயங்கும் எண்ணெயை எங்களைத் தின்னவைக்கிறார்கள்; பிறகு வெண்ணெய் தின்னும் சுதந்திரத்தை எங்களுக்கே விற்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

ஆகவே அவருடைய ஆட்கள் நோன்பை உடைத்தெறிந்ததில் வியப்பில்லை. வியப்பு, அதற்கு அவர் சொன்ன பதிலில் இருக்கிறது. 1521 மே மாதத்திலிருந்து அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். அந்த இடைவெளியில் விட்டன்பர்க் நகரம் சீர்திருத்தத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சொரூபங்களை உடைத்தார்கள், திருவிருந்து முறையை ஒரே நாளில் மாற்றினார்கள், நோன்பு நாளில் வேண்டுமென்றே கறி தின்றார்கள். லுத்தர் 1522 மார்ச் மாதம் கோட்டையை விட்டு வந்து, லெந்தின் முதல் ஞாயிறான மார்ச் 9ஆம் நாள் பிரசங்க பீடத்தில் ஏறினார். தொடர்ந்து எட்டு நாள் பேசினார். நோன்பு கட்டாயமில்லை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் கட்டாயமாக இருந்த நோன்பை எடுத்துவிட்டு, நோன்பிருக்கக் கூடாது என்பதை இன்னொரு கட்டாயமாக்குவதும் அதே அடிமைத்தனம் என்றார். தின்றே தீரவேண்டும் என்றோ தின்னவே கூடாது என்றோ எவராவது மனச்சாட்சியின் மேல் ஏறி உட்கார்ந்தால் அவரை எதிர்க்கவேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒருவர் இன்னும் பழைய பயத்திலிருந்து விடுபடவில்லை என்றால் அவருக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நகரம் அடங்கியது.

இந்த எட்டுப் பிரசங்கங்களில் லுத்தரன் லெந்தின் முகம் முடிவாகிவிட்டது எனலாம். 1529இல் வெளியான சிறிய ஞானோபதேசம், உபவாசிப்பதும் உடலை ஆயத்தப்படுத்துவதும் நல்ல வெளிப்பயிற்சி என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் திருவிருந்துக்கு ஒருவரைத் தகுதியாக்குவது வயிற்றின் நிலையல்ல, அந்த அப்பமும் இரசமும் தனக்காகவே தரப்படுகின்றன என்று நம்புவதுதான் என்கிறது. 1530இல் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கையும் 26ஆம் பிரிவில் இதே வழியில் நிற்கிறது. உபவாசத்தை அது பழிக்கவில்லை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட உணவை விலக்கினால் பாவம் தீரும் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறது.

சட்டம் போயிற்று, காலம் மட்டும் நின்றது. அந்தக் காலத்தை லுத்தரன் சபைகள் எதைக்கொண்டு நிரப்பின என்பதில்தான் இந்த மரபின் தனிச்சிறப்பு இருக்கிறது. வயிற்றுக்கு விதித்திருந்த வேலையைக் காதுக்குக் கொடுத்தார்கள். விட்டன்பர்க் நகரச் சபையின் ஆயரும் லுத்தரின் நண்பருமான யோகன்னஸ் பூகன்ஹாகன், நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் எடுத்துக் கிறிஸ்துவின் பாடுகளின் கதையை ஒரே தொடராகக் கோத்துக் கொடுத்தார். கெத்செமனே தோட்டம், காய்பாவின் அரண்மனை, பிலாத்துவின் முற்றம், கொல்கொதா என்று அதைப் பகுதி பகுதியாக லெந்தில் வாசிப்பது தலைமுறைகளாக நிலைத்தது. வாசிப்பில் விளக்கம் இல்லை, அலங்காரம் இல்லை. கதையை முழுக்கக் கேட்டு முடிக்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதுவே நோன்பாயிற்று.

கேட்பது எளிதென்று தோன்றும். லுத்தர் அப்படி நினைக்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பது எப்படி என்று 1519இல் அவர் எழுதிய ஒரு பிரசங்கம் உண்டு. அதன் தொடக்கத்தில் தவறாகத் தியானிக்கிறவர்களை அவர் வகைப்படுத்துகிறார். ஒரு வகையினர் யூதர்கள்மேலும் யூதாஸ்மேலும் கோபப்பட்டுக் கதையை முடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு வகையினர் சிலுவையைத் தாயத்துப்போல் சுமந்து ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வகையினர் கிறிஸ்துவுக்காகப் பரிதாபப்பட்டு அழுகிறார்கள். கண்ணீர் விடுவதையும் அவர் தவறான வகையில் சேர்த்திருப்பது இன்றைக்கும் திடுக்கிட வைக்கிறது. ஏனென்றால் அழுகிறவர் கதைக்கு வெளியே நின்று அழுகிறார். ஆணி அடித்த கை தன்னுடையது என்று தெரிந்துகொள்கிறவரே சரியாகக் கேட்கிறார். அதோடும் நிற்கவிடுவதில்லை லுத்தர். அந்தத் திகிலில் தங்கிவிடாமல், பாரத்தைக் கிறிஸ்துவின்மேல் இறக்கிவைத்துவிட்டு, காயங்களைக் கடந்து அவர் இதயத்தில் உள்ள அன்பைப் பார்க்கச் சொல்கிறார். பிறகே அந்தப் பாடுகள் அன்றாட வாழ்க்கைக்கு முன்மாதிரி ஆகின்றன. நோய் வந்தால் முள்முடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, ஆணவம் தலைதூக்கினால் ஆண்டவர் ஏளனப்பட்டதை நினைப்பது என்று மிக நடைமுறையான இடத்துக்குப் பிரசங்கம் வந்து சேர்கிறது.

இருநூறு ஆண்டு கழித்து இதே எண்ணம் இசையாக ஒலித்த ஊர் லைப்சிக். யோஹான் செபாஸ்டியன் பாக் அங்கே 1723இல் இசைப்பொறுப்பேற்றார். ஞாயிறுதோறும் வாத்தியங்களோடு புதிய இசைப்படைப்பு ஒலிக்கும் அந்த ஆலயங்களில், லெந்து தொடங்கியதும் அந்த இசை நின்றுவிடும். மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட மார்ச் 25ஆம் நாள் திருநாள் மட்டுமே விலக்கு. நகரமே வாரக்கணக்கில் காத்திருந்து பெரிய வெள்ளி மாலை ஆராதனையில் பாடுகளின் இசையைக் கேட்டது. 1724 ஏப்ரல் 7ஆம் நாள் யோவான் சுவிசேஷத்தின்படியான பாடுகள். 1727 ஏப்ரல் 11ஆம் நாள் மத்தேயுவின்படியானது. இன்று இவை கச்சேரி மேடைக்குரியவை. அன்று இரண்டு பாதிகளுக்கும் நடுவே பிரசங்கம் இருந்தது, கேட்டவர்கள் சபையார்.

மத்தேயு பாடுகளில் ஓர் இடத்தைக் கிட்டே போய்க் கேட்கவேண்டும். கடைசி இராப்போஜனம். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொல்லிவிட்டார். சீடர்கள் பதறிப்போய், அது நானா என்று கேட்கிறார்கள். பாடகர் குழுவின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆண்டவரே என்ற விளி அதில் சரியாகப் பதினொரு முறை வருகிறது. பன்னிரண்டாமவன் யூதாஸ், அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த கணம், கதைக்குள்ளிருந்து பதில் வருவதற்கு முன்பே, சபைக்குத் தெரிந்த பழைய ஞானப்பாட்டு மெட்டு ஒன்று எழுகிறது. பவுல் கெர்ஹார்ட் எழுதிய பாட்டின் ஒரு சரணம் அது. கேள்விக்கு ஆம், நான்தான், தண்டனை எனக்குரியது என்று சபையின் வாயால் அது பதில் சொல்கிறது. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் எருசலேமில் ஒரு மேல்வீட்டில் கேட்ட கேள்விக்கு லைப்சிக் நகரத்து வியாபாரியும் வேலைக்காரியும் பதில் சொல்லியாகிவிட்டது. யூதாஸைத் தேட யாருக்கும் நேரமில்லை. 1519ஆம் ஆண்டுப் பிரசங்கம் கேட்டதும் இதைத்தான்.

இந்த மரபு கடல் கடந்து வந்த கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூச்சௌவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. பாடுகளின் கதையைச் சபையார் தங்கள் மொழியிலேயே அச்சில் வாசிக்க முடிந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆயிற்று. சீகன்பால்கு அந்த ஆலயத்தில் ஒரே ஒரு கிறிஸ்துமஸைத்தான் பார்த்தார். 1719 பிப்ரவரி 23ஆம் நாள், சாம்பல் புதனுக்கு மறுநாள், முப்பத்தாறாம் வயதில் இறந்தார். புதிய ஆலயத்தின் முதல் லெந்து, அதைக் கட்டியவரைப் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்ததோடு தொடங்கியது.

பாட்டுகளும் கூடவே வந்தன. 1742இல் சென்னைக்கு வந்து பல்லாண்டு அங்கே ஊழியம் செய்த யோஹான் பிலிப் பப்ரிசியுஸ், ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினார். இந்த ஞானப்பாட்டு மரபில் லெந்துக்குரிய பாட்டு ஒன்றின் பயணத்தைத் தனியே சொல்லவேண்டும். முள்முடி சூடிய தலையை நோக்கிப் பாடும் அந்தப் பாட்டின் வேர், இடைக்காலத் துறவி ஒருவர் லத்தீனில் எழுதிய தியானச் செய்யுள். கெர்ஹார்ட் 1656இல் அதை ஜெர்மனில் பாட்டாக்கினார். மெட்டு அதற்கு முன்பே, 1601இல், ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. பாக் அதே மெட்டை மத்தேயு பாடுகளில் ஐந்து முறை கொண்டுவருகிறார். தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ஒவ்வொரு லெந்திலும் அதைப் பாடுகிறார். லைப்சிக் மிஷனரிகள் 1840களில் வந்து பழைய தரங்கம்பாடிச் சபைகளை ஏற்றுக்கொண்டபின் இந்த மெட்டுகள் இன்னும் ஆழமாக வேரூன்றின. அந்த மிஷன் வளர்த்த சபைகள் 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக எழுந்து நின்றன.

பக்கத்திலேயே இன்னொரு நீரோட்டமும் ஓடியது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்து ஆளாக்கிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் பாடினார். அவருடையதையும் மற்றவர்களுடையதையும் சேர்த்து அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். இன்று தமிழ் லுத்தரன் சபை ஒன்றின் லெந்து ஆராதனையில் இரண்டும் கேட்கும். ஜெர்மன் மெட்டு படிப்படியாக, ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுரமாக நடக்கிறது. கீர்த்தனை ஓர் அசையைப் பிடித்து இழைத்து, அழுகையின் விளிம்புவரை கொண்டுபோகிறது. வயதானவர்கள் இரண்டையும் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள்.

ஆனால் பாட்டு வந்த அளவு எளிதாக உபதேசம் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் விரதம் காற்றிலேயே இருக்கிறது. மாசி, பங்குனியில் அம்மனுக்கும் முருகனுக்கும் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். 2025இலும் 2026இலும் ரம்சான் நோன்பும் லெந்தும் சேர்ந்தே வந்ததால் தரங்கம்பாடி போன்ற ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு நோன்பு நடந்தன. விரதம் என்றால் நேர்த்திக்கடன் என்று இந்த மண் கற்றுக்கொடுத்திருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு தேறவேண்டும், மகளுக்கு வரன் அமையவேண்டும், வேலை கிடைக்கவேண்டும். ஒருசந்தி இருக்கும் லுத்தரன் பாட்டியின் மனதில் அப்படி ஒரு வேண்டுதல் இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

அவரிடம் ஆயர் என்ன சொல்வது? நோன்பால் ஒன்றும் கிடைக்காது பாட்டி என்று சொன்னால், எண்பது ஆண்டு அவர் பசியோடு பேசிய பேச்சைப் பிடுங்கியதாகும். வேண்டியது கிடைக்கும் என்று சொன்னால் பொய். 1522 மார்ச் மாதத்து லுத்தர் இந்த இடத்தில்தான் துணைக்கு வருகிறார். அவரை இருக்கவிடலாம், அதே சமயம் வாரந்தோறும் பாடுகளின் கதையை அவர் காதில் போட்டுக்கொண்டே இருக்கலாம். கேட்கக் கேட்க வேண்டுதலின் பிடி தளரும், நன்றி மிஞ்சும் என்பது இந்தச் சபையின் நம்பிக்கை. விரும்பி ஏற்ற பசியால் மிச்சமாகும் அரிசிக்கும் காசுக்கும் காணிக்கைப் பையில் இடமுண்டு. பசித்தவர் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தால் அதற்கு மேல் அந்த நோன்புக்கு விளக்கம் தேவையில்லை. லுத்தர் பிறந்த நாட்டிலும் இது திரும்பி வந்திருக்கிறது. 1983இல் ஹாம்பர்கில் சிலர் சேர்ந்து லெந்தின் ஏழு வாரமும் மது, சிகரெட், இனிப்பு என ஏதேனும் ஒன்றை விட்டு இருந்து பார்ப்போம் என்று தொடங்கியது, இன்று ஜெர்மன் புரோட்டஸ்டண்ட் சபைகளின் பெரிய இயக்கம். எதை விடுவது என்று சபை உத்தரவிடுவதில்லை.

பெரிய வெள்ளியன்று எல்லாமும் ஒரு புள்ளியில் கூடும். நண்பகல் 12 மணிக்கு மும்மணி நேர ஆராதனை தொடங்கும். ஏப்ரல் வெயில், மின்விசிறிகள் சூட்டைத்தான் சுழற்றும். வெள்ளைச் சேலைகள், பூ வைக்காத தலைகள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு செய்திகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாட்டு. தாகமாயிருக்கிறேன் என்ற ஐந்தாம் வார்த்தை வரும்போது மணி ஏறக்குறைய இரண்டு. தொண்டை காய்ந்திருக்கும் சபைக்கு அங்கே விரிவுரை அதிகம் தேவைப்படுவதில்லை. இந்த ஆராதனை முறை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபைக் குருக்களிடம் தோன்றியதாகச் சொல்வார்கள். எதிரணியிலிருந்து வந்தது என்று லுத்தரன் சபை அதைத் தள்ளவில்லை. கட்டாயமில்லாத ஒன்றை நல்லதென்று கண்டால் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அந்தச் சுதந்திரத்தில் அடங்கும். மூன்று மணிக்கு முடிந்ததும் பல ஆலய வளாகங்களில் அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றுவார்கள். அரிசியும் பயறும் பூண்டும் வெந்தயமும் சேர்த்துக் குழைய வெந்த கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ஒரே வரிசை என்று எழுதும்போது கை தயங்கவேண்டும். வரலாறு அப்படித் தொடங்கவில்லை. தரங்கம்பாடிச் சபையார் ஆலயத்துக்குள் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்ததை மிஷன் பதிவுகளே சொல்கின்றன. 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் முதல் இந்திய லுத்தரன் ஆயராக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசின் படைவீரராக இருந்தவர், வேதப்புத்தகத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தவர், தஞ்சைப் பகுதியில் பல சபைகளை உருவாக்கியவர். அவரையும் ஆயராக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அவர் பறையர் என்பதால், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்து 1771இல் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் மற்ற மிஷன்கள் சாதியை உடனே விடச் சொல்லி நெருக்கியபோது, அது சமூக வழக்கம், மெல்ல மறையட்டும் என்று லைப்சிக் மிஷன் பொறுமை காட்டியது. வழக்கத்தை விட மனமில்லாத குடும்பங்கள் பல, அதனாலேயே லுத்தரன் பக்கம் வந்து சேர்ந்தன.

பலவீனருக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன 1522ஆம் ஆண்டு உபதேசம், இங்கே பலவான்களுக்காகப் பொறுத்துக்கொள்ளும் உபதேசமாகத் திரிந்துவிட்டது. கறி தின்பதும் தின்னாததும் ஒருவருடைய தட்டோடு நிற்கும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார மறுப்பது இன்னொருவர் முகத்தில் அறைவதாகும். இரண்டையும் ஒரே பொறுமையால் அளந்தது பெரிய பிழை. அந்தக் காலம் முழுவதும் அதே சபைகள் லெந்துதோறும் கேட்டது பதினொரு சீடர்களும் பதறிக் கேட்ட கேள்வியைத்தான். ராஜநாயக்கன் கையை மறுத்தவர்கள் பெரிய வியாழன் இரவு அதைக் கேட்டுவிட்டுத்தான் பீடத்தருகே முழங்கால் போட்டிருப்பார்கள். காதால் கேட்பதே நோன்பு என்ற மரபுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

லுத்தரே இந்தச் சோதனையில் தோற்றவர். யூதர்களைக் குற்றம் சாட்டிக் கதையைக் கேட்கவேண்டாம் என்று 1519இல் எழுதியவர், 1543இல் அவர்களுடைய ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். பெரிய வெள்ளி வாசிப்பைக் கேட்டுவிட்டு யூதர் தெருக்களுக்குள் புகுந்து தாக்கிய கூட்டங்கள் ஐரோப்பிய வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் பெரிய லுத்தரன் திருச்சபை 1994இல் லுத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக மறுத்து யூத சமூகத்திடம் வருத்தம் தெரிவித்தது. தமிழ்ச் சபைகளுக்கு யூதர் பக்கத்து வீட்டுக்காரரில்லை. இருந்தும், அந்நியன் ஒருவன்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோகும் பழக்கத்துக்கு ஆள் யார் என்பது முக்கியமில்லை. பக்கத்துச் சேரிக்காரரோ அடுத்த மதத்தவரோ அந்த இடத்துக்குப் போதும்.

இன்று பல சபைகள் பாடுகளின் சரித்திரத்தைக் குரல் பிரித்து வாசிக்கின்றன. கதையைச் சொல்கிறவர் ஒருவர், இயேசுவின் சொற்களை வாசிக்கிறவர் ஒருவர், பேதுரு, பிலாத்து, முற்றத்தில் பேதுருவை அடையாளம் காணும் வேலைக்காரப் பெண் என்று ஒவ்வொருவர். சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டத்தின் பகுதியைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்லவேண்டும். அந்த இடத்தில் வாய் திறக்க மறுத்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் முன்னால் அதைச் சொல்லக் கூசுகிறோம் என்கிறார்கள். அந்தக் கூச்சத்தை மதிக்கவேண்டும், யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் அந்த வரிகளைப் பாடகர் குழுவிடம் ஒப்படைத்துவிட்டுச் சபை வேடிக்கை பார்ப்பதற்கு இந்த மரபில் இடமில்லை. வாசிப்புக்கு முந்திய வாரமே ஆயர் சபையோரை உட்காரவைத்து, இதை ஏன் நம் வாயால் சொல்கிறோம், இதில் யூதர்களைப் பற்றி என்ன சொல்லவில்லை, நம் ஊரில் யாரை நாம் இப்படி வெளியே தள்ளியிருக்கிறோம் என்று பேசலாம். ராஜநாயக்கனின் பெயரை அந்தப் பேச்சில் எடுப்பது பொருத்தம். இளைஞர்கள் அவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கவேண்டும்.